தலை சுற்றியபோது காதைப் பார்த்தவர்

அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுத்தராகக் காலம் தள்ளியவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒரு கோப்பு தவறான மேசைக்குப் போய்விட்டால், அந்த மேசைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேலை நடக்காது. அவரும் தமக்குத் தெரிந்த குறிப்பையெல்லாம் எழுதுவார், நினைவூட்டுக் கடிதங்கள் போடுவார், கோப்பு பருத்துக்கொண்டே போகும், மனு போட்டவன் மட்டும் வாசலிலேயே நிற்பான். மருத்துவ வரலாற்றிலும் அப்படித் தவறான மேசையில் நெடுங்காலம் கிடந்த கோப்பு ஒன்று உண்டு. தலைசுற்றல் என்பது அதன் பெயர். அதைச் சரியான மேசைக்கு மாற்றியவர் ஒரு பிரெஞ்சு மருத்துவர். அவரை நான் தேடிப் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு மார்கழி மாதம். வழக்கம்போல் விடியற்காலையில் புதுவைக் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு, காந்தி சிலைக்கு எதிரே எங்கள் வயதுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்யும் உடற்பயிற்சியில் நின்றேன். குனிந்து கால் விரலைத் தொட வேண்டும், பிறகு நிமிர்ந்து வானத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது முறை நிமிர்ந்தபோது வானம் நிற்கவில்லை. காந்தி சிலையும் தூண்களும் கடலும் இடமிருந்து வலமாக ஓட ஆரம்பித்தன. கைக்கு அகப்பட்ட சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை நிமிடம்கூட இருக்காது, ஓட்டம் நின்றுவிட்டது. ஆனால் வயிற்றைப் புரட்டியது, வியர்த்துக் கொட்டியது. எழுந்து நடந்தால் கால் ஒரு பக்கமாக இழுத்தது.

எங்கள் ஊரில் காலை ஆறு மணிக்கு ஒருவன் தள்ளாடினால் யாரும் வேறு காரணம் தேட மாட்டார்கள். எதிரே வந்த ஒரு பையன் தன் நண்பனிடம், "காந்தி சிலைக்கு முன்னாடியே பாருடா" என்று சொல்லிக்கொண்டு போனான். மானம் போனது ஒரு பக்கம். பயம் இன்னொரு பக்கம். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு அக்காவின் நினைவுதான்.

என் பெரிய அக்கா காரைக்காலில் இருந்தாள். 1987ஆம் வருடம் பொங்கலுக்கு முன்னால் பரண் மேலிருந்து வெண்கலப் பானையை எடுக்க அண்ணாந்து பார்த்தபோது தலை சுற்றி விழுந்தாள். அதற்குப் பிறகு படுக்கையில் இடது பக்கம் திரும்பினால் சுற்றும், குனிந்து கோலம் போட்டால் சுற்றும். "பித்தம்" என்றார் ஒருவர். "ரத்தம் தலைக்கு ஏறுது" என்றார் இன்னொருவர். மாத்திரை கொடுத்து, ஓய்வாக இருக்கச் சொன்னார்கள். குனியாதே, நிமிராதே, மாடி ஏறாதே, தனியாக வெளியே போகாதே என்று வீட்டில் எல்லோரும் அன்பாகத் தடை போட்டோம். லீவு போட்டுவிட்டுப் போய் அதையே நானும் சொல்லிவிட்டு வந்தேன். அக்கா கேட்டுக்கொண்டாள். இரண்டு தலையணை வைத்து வலது பக்கமாகவே ஒன்பது வருடம் படுத்தாள். காலில் சதை வற்றிப் போயிற்று. 1996இல் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதிலிருந்து எழவில்லை.

அதனால் எனக்குத் தலை சுற்றிய அன்று, இனிமேல் பயிற்சியும் வேண்டாம் நடையும் வேண்டாம் என்றுதான் முதலில் முடிவு செய்தேன். பிறகு, படிக்கும் பழக்கம் விடவில்லை. எங்கள் காலத்தில் பிரெஞ்சில் பிரெவே வரை படித்தவர்களுக்கு வேறு ஆஸ்தி இல்லாவிட்டாலும் அந்த மொழி மிஞ்சியிருக்கிறது. பழைய பிரெஞ்சு மருத்துவ இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இப்போது இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கேதான் டாக்டர் புரோஸ்பேர் மெனியேரைச் சந்தித்தேன்.

அவர் வருவதற்கு முன் நிலைமை என்ன என்று பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸ் நகரத்தில் ஒருவர் திடீரென்று தலை சுற்றி, வாந்தி எடுத்து, தரையில் விழுந்தால் மருத்துவர்கள் எழுதும் பெயர் தயாராக இருந்தது: மூளையில் ரத்தம் பெருகிவிட்டது. பக்கவாதத்தின் தம்பி என்று அதைக் கருதினார்கள். மூளையில் ரத்தம் கூடிவிட்டதென்றால் மருந்து என்ன? ரத்தத்தை இறக்குவதுதான். கையில் நரம்பைக் கீறி ரத்தம் எடுப்பார்கள், காதுக்குப் பின்னால் அட்டை விடுவார்கள், பேதிக்குக் கொடுப்பார்கள், பட்டினி போடுவார்கள். அந்த நாளில் அட்டை விடுவது எவ்வளவு பெரிய வியாபாரம் என்றால், 1833ஆம் ஆண்டில் மட்டும் பிரான்ஸ் நாடு 4 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை வெளியிலிருந்து இறக்குமதி செய்தது. ஏற்கனவே சுற்றுகிற தலையுள்ளவனிடமிருந்து ரத்தத்தையும் எடுத்துவிட்டால் அவன் எப்படி எழுந்து நடப்பான்? நடக்கவில்லை என்றால், நோய் கடுமை என்று மறுபடியும் அட்டை. எங்கள் அக்காவுக்கு அட்டை விடவில்லை என்பதைத் தவிர, இரண்டு கதைக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் பாரிஸிலேயே வேறொரு மனிதர் புறாக்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். பியேர் ஃப்ளூரான்ஸ் என்று பெயர். நம் காதின் உள்ளே, கேட்கும் உறுப்பை ஒட்டி, மூன்று சின்னஞ்சிறு அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. ஒன்று கிடைமட்டமாக, மற்ற இரண்டும் நிமிர்ந்து ஒன்றுக்கொன்று குறுக்காக. வீட்டின் ஒரு மூலையில் தரையும் இரண்டு சுவர்களும் சேர்வதை நினைத்துக்கொண்டால் அவை அமைந்திருக்கும் விதம் ஓரளவு புரியும். காதில் இருப்பதால் அவையும் கேட்பதற்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஃப்ளூரான்ஸ் 1820களில் புறாவின் இந்தக் குழல்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார். புறாவுக்குக் காது கேட்பது போகவில்லை. ஆனால் கிடைமட்டக் குழலை வெட்டினால் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு சுற்றியது. நிமிர்ந்த குழலை வெட்டினால் மேலும் கீழுமாக ஆடிக் குட்டிக்கரணம் போட்டது. எந்தக் குழலோ அந்தத் திசையில் ஆட்டம். பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்தார். ஆனால் புறாவுக்கு நடந்ததை மனிதனுடைய தலைசுற்றலோடு சேர்த்துப் பார்க்க இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் ஆயின. ஒரு பிரிவில் இருக்கும் காகிதம் அடுத்த பிரிவுக்குத் தெரியாது என்பது நம் அலுவலகங்களுக்கு மட்டும் உரிய பெருமை அல்ல.

மெனியேர் 1799ஆம் ஆண்டு ஆன்ழே நகரில் பிறந்தவர். பாரிஸில் படித்து மருத்துவரானார். 1838இல் பாரிஸ் சேன் ழாக் வீதியில் இருந்த காது கேளாத பிள்ளைகளின் நிறுவனத்துக்குத் தலைமை மருத்துவராக நியமிக்கப்பட்டார். அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் இதார். காட்டில் கிடைத்த சிறுவன் விக்தோரை வளர்த்துப் பேசவைக்கப் பாடுபட்டாரே, அவரேதான்.

காது கேளாதவர்களுக்கு நடுவே இருபது வருடங்களுக்கு மேல் இருந்ததால் மெனியேருக்கு மற்ற மருத்துவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி கிடைத்தது. தலைசுற்றல்காரர்களை அவர் ஒரு தடவை பார்த்து அனுப்பிவிடவில்லை. பல வருடம் தொடர்ந்து பார்த்தார். திடகாத்திரமான ஆள் ஒருவர் வருவார். திடீரென்று காதில் இரைச்சல், உலகமே சுற்றுதல், வாந்தி, முகம் வெளுத்துப்போதல், கீழே விழுதல். ஆனால் நினைவு தப்பாது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். மறுபடியும் வரும். மூளையில்தான் கோளாறு என்றால் சில வருடங்களிலாவது கை கால் விழ வேண்டும், பேச்சு குழற வேண்டும். அப்படி எதுவும் ஆகவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிக்கொண்டே போயிற்று. அப்படியானால் குற்றவாளி யார்? காதுதான் என்றார் மெனியேர். காதிலும் வெளியே தெரிகிற பகுதி அல்ல, உள்ளே இருக்கும் அந்த அரைவட்டக் குழல்கள். அதற்குச் சாட்சியாக ஃப்ளூரான்ஸின் புறாக்களைக் கூப்பிட்டார்.

அவர் கையில் இன்னொரு சாட்சியமும் இருந்தது. ஓர் இளம்பெண், மாதவிலக்கு நாட்களில், குளிர் இரவில் பயண வண்டியின் "எம்பேரியால்" மேல் உட்கார்ந்து பயணம் செய்தாள் என்று எழுதுகிறார். எம்பேரியால் என்றால் பேரரசு சம்பந்தப்பட்டது என்று மட்டும்தான் எனக்குப் பள்ளியில் தெரியும். வண்டிக்கும் பேரரசருக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் பழைய அகராதியை எடுத்தேன். குதிரை வண்டியின் கூரை மேல் உள்ள திறந்த இருக்கைக்கு அந்தப் பெயராம். அந்தக் குளிரில் போனவளுக்கு இரண்டு காதும் சட்டென்று கேட்காமல் போயின. அசைந்தாலே தலை சுற்றியது, வாந்தி நிற்கவில்லை. ஐந்தாம் நாள் இறந்துபோனாள். உடலைத் திறந்து பார்த்தபோது மூளையிலும் தண்டுவடத்திலும் ஒரு குறையும் இல்லை. காதின் அரைவட்டக் குழல்களில் மட்டும் சிவந்த கசிவு நிறைந்திருந்தது. அவளுக்கு வந்தது வேறு கொடிய நோய் என்று பின்னால் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மூளை சுத்தமாக இருக்கும்போதே தலை சுற்ற முடியும் என்பதற்கு அவள் சாட்சியாகிவிட்டாள். பெயர்கூடப் பதிவாகாத பெண்.

1861ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி பாரிஸ் மருத்துவ அகாதெமியில் மெனியேர் இதையெல்லாம் படித்தார். அப்போது அவருக்கு வயது 61. கேட்டவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூளை ரத்தப் பெருக்கைப் பற்றிய வழக்கமான விவாதம் தொடர்ந்தது. அடுத்த வாரம் ஆர்மான் த்ரூசோ என்ற பெரிய மருத்துவர், மூளை ரத்தப் பெருக்கு என்று எழுதப்படுபவற்றில் பல அதுவே அல்ல என்று பேசினார். மெனியேரின் கருத்துக்கும் அதில் இடம் கொடுத்தார். ஆனால் தம் கருத்து வென்றதைப் பார்க்க மெனியேர் இருக்கவில்லை. 1862 பிப்ரவரியில் நிமோனியா காய்ச்சலில் இறந்துவிட்டார். 1874இல் ஷார்கோ தம் பாடங்களில் "மெனியேரின் தலைசுற்றல்" என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பெயர் நிலைத்தது. கோப்பு மேசை மாறிவிட்டது, மாற்றியவர் ஓய்வூதியம்கூட வாங்காமல் போய்விட்டார்.

சரி, காதுக்குள் இருக்கும் குழல் எப்படித் தலையைச் சுற்றவைக்கும்? நாம் எல்லோரும் சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியவர்கள்தான். கையை விரித்துச் சுற்றிவிட்டுச் சட்டென்று நின்றால் திண்ணையும் தென்னை மரமும் சுற்றும். ஒரு சொம்பில் தண்ணீரை வைத்துச் சொம்பைச் சுழற்றிவிட்டு நிறுத்துங்கள். சொம்பு நின்ற பிறகும் தண்ணீர் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். அரைவட்டக் குழல்களில் இருப்பதும் அப்படி ஒரு நீர்தான். அது ஓடுவதை அங்கே உள்ள மெல்லிய உணர்முடிகள் மூளைக்குச் சொல்கின்றன. 1873 முதல் 1875 வரை மாக், புரோயர், கிரம் பிரௌன் என்ற மூன்று பேர், ஒருவர் வேலை இன்னொருவரைச் சாராமல், இதே முடிவுக்கு வந்தார்கள். கண் "நிற்கிறோம்" என்கிறது, காது "சுற்றுகிறோம்" என்கிறது. இரண்டு அறிக்கைகளும் ஒத்துப்போகாதபோது மூளை திணறுகிறது. அந்தத் திணறலுக்குப் பெயர்தான் தலைசுற்றல்.

இதை மனிதக் காதிலேயே நிரூபித்துக் காட்டியவர் வியன்னாவின் ராபர்ட் பாராணி. காது மருத்துவமனையில் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றியது. தண்ணீர் குளிர்ந்திருப்பதால்தான் சுற்றுகிறது என்று ஒரு நோயாளி குறை சொன்னார். சூடான தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார் பாராணி. அப்போதும் சுற்றியது. ஆனால் கவனித்துப் பார்த்தபோது, குளிர்ந்த நீருக்குக் கண் துடித்த திசை ஒன்று, சுடுநீருக்குத் துடித்த திசை அதற்கு நேர் எதிர். வெந்நீர் அண்டாவில் சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும் அல்லவா? காதின் நீரிலும் அதுவே நடக்கிறது என்று புரிந்துகொண்டார். இதற்காக அவருக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார். ஸ்வீடன் இளவரசர் கார்லின் முயற்சியால் 1916இல் விடுதலையானார். பிறகு உப்சாலா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். அங்கே 1921இல், படுத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் சுற்றுகிற 27 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார். அந்த வரிகளைப் படித்தபோது காரைக்கால் வீட்டில் இரண்டு தலையணை போட்டிருந்த கட்டில்தான் என் கண்முன் வந்தது.

இதுவரை வந்தவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். என்னைப்போல் பயந்து உட்கார்ந்துவிடுகிறவர்களுக்கு வேண்டிய அடுத்த படியை இரண்டாம் உலகப் போர்க்கால இங்கிலாந்தில் இரண்டு பேர் எடுத்து வைத்தார்கள். ஒருவர் காது அறுவை மருத்துவர் காத்தோர்ன். மற்றவர் உடற்பயிற்சிச் சிகிச்சை மருத்துவர் குக்ஸி. தலையில் அடிபட்டவர்களும் காதில் அறுவைச் சிகிச்சை ஆனவர்களும் தலைசுற்றலோடு கிடந்தார்கள். ஆடாமல் அசையாமல் படுத்திருந்தவர்களைவிட, சீக்கிரம் எழுந்து நடமாடியவர்கள் சீக்கிரம் தேறியதைக் காத்தோர்ன் கவனித்தார். குக்ஸியோடு சேர்ந்து ஒரு பயிற்சி வரிசையை அமைத்தார். 1940களின் நடுவில் அது அச்சிலும் வந்தது.

அந்த வரிசை மிக எளியது. முதலில் படுத்தபடியே கண்ணை மேலும் கீழும், இடமும் வலமும் அசைக்க வேண்டும். பிறகு தலையை, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. அப்புறம் உட்கார்ந்து குனிந்து தரையில் உள்ள பொருளை எடுக்க வேண்டும். பிறகு எழுந்து நின்று, கண்ணுக்கு மேலே ஒரு சிறு பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு எறிந்து பிடிக்க வேண்டும். கடைசியில் கண்ணைத் திறந்தும் மூடியும் அறைக்குக் குறுக்கே நடப்பது, சரிவில் ஏறி இறங்குவது. எந்த அசைவில் தலை சுற்றுகிறதோ அதை விட்டு ஓடக் கூடாது, அதையே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். கோளாறான காதிலிருந்து வரும் தப்பான செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு, மூளை அதைத் தள்ளுபடி செய்யக் கற்றுக்கொள்கிறது. அசையாமலேயே இருந்தால் அது கற்றுக்கொள்ள வழியே இல்லை. தலைசுற்றல் மாத்திரையையே மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தாலும் அந்தப் பாடம் தாமதப்படுகிறது.

எனக்கும் அக்காவுக்கும் வந்தது போன்ற, நிலை மாறினால் வரும் சுற்றலுக்கு இன்னும் நேரான வழி பிறகு கிடைத்தது. 1952இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ் என்ற பெண் மருத்துவரும் ஹால்பைக் என்பவரும் அதைக் கண்டறியும் சோதனையை வகுத்தார்கள். நோயாளியை உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று தலை சற்றுத் தொங்கும்படி படுக்க வைத்துக் கண்ணைப் பார்ப்பது. சில நொடிகளில் கண் துடித்தால் விஷயம் தெரிந்துவிடும். காரணம் என்ன? காதுக்குள்ளே ஒரு சிறு பையில் சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயதானாலோ அடிபட்டாலோ அவற்றில் சில கழன்று அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடுகின்றன. குனிந்து நிமிரும்போது துகள் நகர்ந்து நீரைக் கலக்குகிறது. அப்படியானால் தலையைச் சரியான வரிசையில் திருப்பி, துகளை வந்த வழியே வெளியேற்றிவிட்டால் போதுமே?

அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்து மருத்துவர் ஜான் எப்லி இதைத்தான் செய்தார். மருந்தும் இல்லாமல் கத்தியும் இல்லாமல் தலையைத் திருப்பிக் குணப்படுத்துவதாவது என்று சக மருத்துவர்கள் நம்பவில்லை. அவருடைய கட்டுரை 1992இல்தான் அச்சேறியது. பிரான்ஸில் அலேன் செமோன் என்ற உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் 1988இலேயே வேறொரு விதமான திருப்புமுறையை வெளியிட்டிருந்தார். அவர் மருத்துவர்கூட அல்ல.

இந்த ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு நான் வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1940கள், 1988, 1992. அக்கா படுத்தது 1987, போனது 1996. அவளுக்கு வந்தது இதுதானா என்று இப்போது யாராலும் சோதித்துச் சொல்ல முடியாது. அண்ணாந்தால் சுற்றும், இடது பக்கம் திரும்பினால் சுற்றும் என்று அவளே வாய்விட்டுச் சொன்னாள். நாங்கள் அதைக் கேட்டுவிட்டு, அண்ணாந்து பார்க்காதே, இடது பக்கம் திரும்பாதே என்றோம்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் போனேன். இளைஞர். "பயப்படாதீங்க அய்யா, கொஞ்ச நேரம் சுத்தும், கண்ணை மட்டும் மூடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சடாரென்று படுக்க வைத்தார். சுற்றியது. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிறகு தலையை மறு பக்கம், உடம்பை அந்தப் பக்கம், கடைசியில் எழுந்து உட்காருவது என்று நான்கைந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. பெரிய சுற்றல் அதோடு நின்றது. ஆனால் நடையில் ஒரு மிதப்பும், குனியும்போது ஒரு பயமும் ஒன்றரை மாதம் இருந்தன. அதற்குத்தான் பந்து எறியும் பயிற்சியைச் செய்யச் சொன்னார். வீட்டில் பந்து இல்லை. எலுமிச்சம்பழத்தை எறிந்து பிடித்தேன். பெரியவருக்குத் திருஷ்டி கழிக்கிறார்களா என்று எதிர்வீட்டு அம்மாள் என் மனைவியிடம் விசாரித்தாராம்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படுக்க வேண்டாம். உடற்பயிற்சியின்போது வருகிற எல்லாக் கிறுகிறுப்பும் காது சம்பந்தப்பட்டது அல்ல. வேகமாக நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ கண் இருட்டி, மார்பு அழுத்தி, மயக்கம் வருவதுபோல் இருந்தால் அது இதயத்தின் கோப்பாக இருக்கலாம். பயிற்சியைச் சட்டென்று நிறுத்தியதும் கிறங்கினால் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரைகளாலும் வரலாம். தலைசுற்றலோடு பேச்சு குழறினாலும், கை கால் மரத்தாலும், பொருள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலும், நிற்கவே முடியாமல் போனாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. அது உண்மையாகவே மூளையின் மேசை. கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் மருத்துவர் கையில்தான் திரும்ப வேண்டும்.

ஆகவே மருத்துவரிடம் போனால் "தலை சுத்துது" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். உலகம் சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, கால் தள்ளாடுகிறதா. எந்த அசைவில் வருகிறது, எத்தனை நொடி இருக்கிறது, காதில் இரைச்சல் உண்டா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். மெனியேர் கண்டுபிடித்தது பெரிய கருவி எதையும் வைத்து அல்ல. நோயாளி சொன்னதை முழுவதும் கேட்டு எழுதி வைத்தார், அவ்வளவுதான்.

இப்போது மறுபடியும் காலையில் காந்தி சிலைக்கு எதிரே நிற்கிறேன். குனிந்து எழும்போது மற்றவர்களைவிட ஒரு நொடி தாமதமாக நிமிர்கிறேன். பிறகு வானத்தைப் பார்க்கிறேன். அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டிருந்தால், ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.